உப்பு வாங்கும் தூரம்

(மலாக்காவின் பெம்பானில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கணினியில் நகரம் கட்டும் விளையாட்டைப் பற்றி இந்த மண்டபத்தில் பேச என்ன இருக்கிறது என்று வாசலில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் பிழைப்புக்கு லேஅவுட் பிளான் வரைகிறவன். புதிதாக வரும் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், எந்த வரிசையில் எத்தனை வீடு, கடைகள் எந்த மூலையில், குப்பைத்தொட்டிக்கு எங்கே இடம் என்பதெல்லாம் முதலில் என்னைப் போன்ற ஒருவனுடைய திரையில்தான் உருவாகிறது. இந்த வேலையை நான் கல்லூரியில் கற்பதற்கு முன்பே, பதினாறு வயதில், விளையாட்டாகக் கற்றுவிட்டேன். 1999-இல் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு ஒரு சிடி வாங்கினேன். சிம்சிட்டி 3000. நாங்கள் வாழ்ந்த ரப்பர் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைவிட்டு நாங்கள் தாமானுக்குக் குடிவந்து ஓராண்டு ஆகியிருந்த நேரம் அது. முன்கூடத்தில் நான் விளையாடிக்கொண்டிருப்பேன். பின்னால் அம்மா சமையலறையில் நின்று, "ஏன்டா, ஒரு பொட்டலம் உப்பு வாங்கக்கூட இங்க வண்டி வேணுமா?" என்று கேட்பார். அந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அந்தத் தொடர்பைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

விளையாடாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சிம்சிட்டியை 1989-இல் வெளியிட்டது மேக்சிஸ் என்ற அமெரிக்க நிறுவனம். உருவாக்கியவர் வில் ரைட். திரையில் வெற்று நிலம் இருக்கும். நீங்கள்தான் மேயர். பச்சை நிறத்தைத் தீட்டினால் அங்கே வீடுகள் வரும். நீலம் தீட்டினால் கடைகள். மஞ்சள் என்றால் தொழிற்சாலை. சாலை போட்டு மின்சாரம் கொடுத்தால் மக்கள் தாமாகவே வந்து சேர்வார்கள். பச்சையின்மேல் நீலம் தீட்ட முடியாது. ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம்தான். வீட்டுத் திண்ணையில் ஒருவர் கடை போடுவது என்ற ஒன்று அந்த உலகத்தில் கிடையவே கிடையாது.

இந்த மூன்று நிறங்களை வில் ரைட் தாமாகக் கற்பனை செய்யவில்லை. அமெரிக்க ஊர்கள் அப்படித்தான் வரையப்பட்டிருந்தன. 1926-இல் ஒஹாயோ மாநிலத்தில் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில், ஒரு ஊராட்சி தன் நிலத்தை இது வீட்டுக்கு, இது கடைக்கு, இது ஆலைக்கு என்று பிரித்துச் சட்டம் போடலாம் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆலைப் புகையிலிருந்து குடும்பங்களைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. ஆனால் புகைக்கு எதிராகப் போட்ட வேலி, நாளடைவில் காய்கறிக் கடைக்கும் தையல் கடைக்கும் எதிரான வேலியாகவும் வளர்ந்தது. நமக்கும் இது வெளியூர்ச் சமாசாரம் இல்லை. 1921-இல் கூட்டரசு மலாய் மாநிலங்களுக்கு அரசாங்க நகரத் திட்ட அதிகாரியாகச் சார்ல்ஸ் ரீட் என்பவர் வந்தார். திட்டம் போட்டு நகரம் அமைக்கும் வழக்கம் அப்போதே இங்கே காலூன்றிவிட்டது. இன்று நம் ஒவ்வொருவர் வீட்டு கிராண்டிலும், அதாவது நிலப் பத்திரத்திலும், அந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறது. 1965 தேசிய நிலச் சட்டத் தொகுப்பின்படி விவசாயம், கட்டடம், தொழில் என்று மூன்று வகை. பாருங்கள், அங்கேயும் மூன்றுதான்.

இப்போது கால்களுக்கு வருகிறேன். இந்த விளையாட்டுகளில் நடப்பவர்களின் கதை தனிக் கதை. முதல் சிம்சிட்டியில் ஒருவரும் நடக்க மாட்டார்கள். சாலையில் புள்ளி புள்ளியாக ஊர்தி ஓடும், அவ்வளவுதான். 2013-இல் வந்த புதிய சிம்சிட்டியை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் ஸ்டோன் லிப்ராண்டி. அவர் ஒரு பேட்டியில் சொன்ன விஷயத்தை எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோரும் சுவரில் எழுதி வைக்க வேண்டும். உண்மை ஊர்களில் கார் நிறுத்த எவ்வளவு இடம் போகிறது என்று அவர்கள் அளந்து பார்த்தார்களாம். அதை அப்படியே விளையாட்டில் வைத்தால் நகரம் முழுக்கக் கார் நிறுத்துமிடமாகத்தான் தெரியும், விளையாடுகிறவர் வெறுத்துப்போவார் என்று கண்டார்கள். ஆகவே அது பூமிக்கடியில் இருப்பதாக வைத்துக்கொண்டு, கண்ணில் படாமல் செய்துவிட்டார்கள். 2015-இல் பின்லாந்தின் கொலாசல் ஆர்டர் நிறுவனம் உருவாக்கிய சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸில் மனிதர்கள் நடப்பார்கள், பஸ் ஏறுவார்கள். ஆனால் காரில் போய் இறங்கினால், நிறுத்த இடமில்லாதபோது கார் மாயமாக மறைந்துவிடும். காரைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்கள் என்று விளையாட்டுக்காரர்கள் சொல்வார்கள். என் மேசையில் அப்படி மறைக்க முடியாது. ஒவ்வொரு காருக்கும் நான் கோடு போட்டாக வேண்டும். கோடு போட்ட இடத்தில் மரம் வராது, பிள்ளைகள் விளையாட இடம் வராது, கடை வராது.

கால்களை மதித்த பழைய விளையாட்டு ஒன்று உண்டு. 1998-இல் வந்த சீசர் III. அதில் ரோமாபுரி ஊர்களைக் கட்ட வேண்டும். சந்தைக்காரி ஒருத்தி கூடையோடு தெருவில் நடப்பாள். அவள் கடந்துபோகும் வீடு செழிக்கும். அவள் கால் படாத தெருவில் வீடு குடிசையாகவே நிற்கும். தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் விளையாடுகிறவன் முழு ஊரையும் அவளுடைய நடைக்கு ஏற்றபடி கட்டியாக வேண்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்கத் தேவையில்லை. மோட்டார் சைக்கிளில் மணியடித்து வரும் ரொட்டிக்காரர், மீன் பெட்டியோடு வருகிறவர், தீபாவளிக்கு முன்னால் துணி மூட்டையோடு வருகிறவர் எந்த லயத்துக்கு வருவார்கள், எதற்கு வரமாட்டார்கள் என்பது அந்த லயத்தின் நிலையைச் சொல்லிவிடும்.

தோட்டத்துக்கே வந்துவிட்டேன். சற்று நேரம் இங்கே நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டில் ரப்பரை வணிகத்துக்காக முதன்முதலில் நட்ட இடங்களில் ஒன்று நம் மலாக்கா. 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் தொடங்கி வைத்தார். பிறகு இதே ஜாசின் மாவட்டத்துப் புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் நட்டார். அதிலிருந்து மலாயா முழுக்கத் தோட்டங்கள் பரவின. ஒவ்வொரு தோட்டமும் ஒருவர் திட்டமிட்ட ஊர். மேட்டில் துரை பங்களா. அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள். பள்ளத்தில் லயங்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், பால் நிறுக்கும் கொட்டகை, ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கோயில், மளிகைக்கடை, கள்ளுக்கடை.

எங்கள் தோட்டத்தில் அம்மாவின் ஒரு நாளை நான் நினைவிலிருந்து வரைபடமாக வரைந்து பார்த்திருக்கிறேன். விடியுமுன் பெரட்டு. போகிற வழியில் ஆயாக் கொட்டகையில் தங்கையை விடுவார். நிரைக்குப் போய் மரம் வெட்டிப் பால் எடுத்து, நிறுத்துவிட்டு வருவார். திரும்புகையில் கடையில் பற்றுப் புத்தகத்தில் எழுதிச் சாமான் வாங்குவார். வெள்ளிக்கிழமை என்றால் கோயில். மரம் வெட்டப் போவதை விட்டுவிட்டால் மற்ற எல்லாமே லயத்திலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் இருந்தன. 2016-இல் கார்லோஸ் மொரேனோ என்ற பேராசிரியர், வேண்டியதெல்லாம் கால்மணி நேரத்தில் எட்டும்படி நகரம் இருக்க வேண்டும் என்றார். 2020-இல் பாரிஸ் மேயர் அதைத் தேர்தல் வாக்குறுதியாகவே வைத்தார். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் லயம் பாரிஸை முந்திவிட்டது.

ஆனால் முந்தவில்லை. இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

சிம்சிட்டி 3000-இல் உலகப் புகழ்பெற்ற ஒரு நகரம் இருக்கிறது. பெயர் மேக்னசாந்தி. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த கட்டடக்கலை மாணவர் வின்சென்ட் ஒகாஸ்லா பல ஆண்டுகள் வரைதாளில் கணக்குப் போட்டு அதைக் கட்டி, 2010-இல் காணொளியாக வெளியிட்டார். அந்த விளையாட்டில் எட்டக்கூடிய உச்ச மக்கள்தொகையை எட்டுவதுதான் அவருடைய நோக்கம். சுமார் 60 லட்சம் பேர். அந்த நகரத்தில் சாலையே கிடையாது. சுரங்க ரயில் மட்டும்தான். வேலை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நெரிசல் இல்லை, குற்றம் இல்லை. ஆனால் அங்கே மனிதர்கள் ஐம்பது வயதுவாக்கில் இறந்துபோகிறார்கள். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் நிலம் ஒதுக்கினால் ஆள் கணக்குக் குறையும் என்பதால் அவை அங்கே இல்லை. எவரும் ஊரைவிட்டுப் போவதும் இல்லை. அதைத் தவறாமல் இயங்கும் ஒரு கொடுங்கோல் நகரமாகத்தான் ஒகாஸ்லாவே காட்டினார், எச்சரிக்கையாக.

முதல்முறை அந்தக் காணொளியைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரே மாதிரியான வரிசைகள். நடக்கும் தூரத்தில் வேலை. வெளியே போக வழியில்லாத நிறைவு. நான் பிறந்த இடத்தை அது எனக்குக் காட்டியது. ஏனென்றால் தோட்டத்தில் எல்லாம் பக்கத்தில் இருந்தது அம்மாவின் வசதிக்காக இல்லை. பெரட்டுக்கு ஆள் குறையக் கூடாது என்பதற்காக. ஆயாக் கொட்டகை இருந்தது, பிள்ளையை விட்டுவிட்டு அம்மா நிரைக்குப் போக வேண்டும் என்பதற்காக. கள்ளுக்கடை லயத்துக்கு அருகில் இருந்ததற்கும் காரணம் உண்டு, அதை நான் விளக்க வேண்டியதில்லை. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும். தோட்டத்தை விற்றபோது அந்த அரைக் கிலோமீட்டர் உலகம் ஒரே நாளில் விற்கப்பட்டது. அதை வாங்கிக்கொள்ள எங்களில் எவருக்கும் உரிமை இருக்கவில்லை.

ஆகவே நடக்கக்கூடிய ஊர் நல்ல ஊர் என்று யாராவது என்னிடம் சொன்னால், யார் வரைந்தது, யாருக்காக வரைந்தது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

தோட்டத்துக்கு நேர்மாறான ஒன்று, இங்கிருந்து ஒரு பஸ் பயணத்தில், மலாக்கா பட்டணத்தில் இருக்கிறது. ஜோங்கர் தெருவிலும் ஹீரன் தெருவிலும் கடைவீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முகப்பு குறுகலாக, உள்ளே போகப் போக நீளமாக, நடுவில் வானம் பார்த்த முற்றம். கீழே கடை, மேலே குடும்பம். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் பினாங்கிலும் நம் செட்டியார்கள் வைத்திருந்த கிட்டங்கிகளும் இந்த வகைதான். பகலில் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு. இரவில் அதே கூடத்தில் பாய் விரித்துத் தூக்கம். பின்கட்டில் சமையல். பச்சையும் நீலமும் ஒரே கட்டத்தில்!

அந்தக் கடைவீடுகளுக்கு முன்னால் ஓடுகிற நிழல் பாதையை மலாய்க்காரர்கள் காக்கி லீமா என்பார்கள், நம் பெரியவர்கள் அஞ்சடி என்பார்கள். 1822-இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் கொடுத்த நகர ஏற்பாட்டு உத்தரவில், ஒவ்வொரு வீடும் தெருவோரம் தொடர்ச்சியான கூரையுள்ள பாதையை எந்நேரமும் திறந்து விட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதே ஏற்பாடுதான் சீனர்க்கு ஒரு பக்கம், சூலியா என்று அழைக்கப்பட்ட நம்மவர்க்கு ஒரு பக்கம் என்று மக்களை இனவாரியாகவும் பிரித்தது. அந்தப் பிரிப்பை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த அஞ்சு அடியைப் போல நம் சீதோஷ்ணம் அறிந்த விதி பிறகு ஒன்று வரவில்லை என்பேன். சொந்த நிலத்தில் அஞ்சு அடியை ஊரார் கால்களுக்கு விட்டுக்கொடுக்கிற விதி அது. வெயிலிலும் மழையிலும் நடக்கலாம். அதன் தூண் மறைவில்தான் நம்மவர்கள் பத்திரிகைக்கடையும் பூக்கடையும் வெற்றிலைக்கடையும் வைத்துத் தலையெடுத்தார்கள். நான் கணினியில் கட்டிய எந்த நகரத்திலும் நடக்கிறவனுக்கு வியர்ப்பதில்லை, அதனால் நான் விளையாடிய எந்த விளையாட்டும் அஞ்சடியைக் கண்டுபிடிக்கவில்லை.

அந்தக் கடைவீடுகளுக்கு என்ன ஆயிற்று? 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களில் வாடகையை ஏற்ற முடியாதபடி 1966-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதை நீக்க 1997-இல் சட்டம் செய்தார்கள். 2000 பிறந்தபோது கட்டுப்பாடு இல்லை. பழைய குடித்தனக்காரர்களும் சின்னக் கைத்தொழில்காரர்களும் பினாங்கிலும் மலாக்காவிலும் வெளியேறினார்கள். சில கட்டடங்களின் மேல்மாடியில் மனிதருக்குப் பதிலாக, கூட்டை எடுத்து விற்பதற்காக வளர்க்கப்பட்ட குருவிகள் குடியேறின. 2008-இல் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரிய நகரங்களாக அறிவித்தது. சுவரும் ஓடும் காப்பாற்றப்பட்டன. மாடியிலிருந்து இறங்கிவந்து கடை திறந்த குடும்பத்தைக் காப்பாற்ற அந்தப் பட்டியலில் இடமில்லை.

2023 அக்டோபரில் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் இரண்டாம் பாகம் வந்தது. அதில் கீழே கடை, மேலே வீடு என்ற கலப்புக் கட்டடத்தை ஒரு ஸோனாகவே தீட்ட முடிந்தது. முதல் சிம்சிட்டியிலிருந்து கணக்குப் போட்டால் 34 ஆண்டுகள். நம் தாத்தாக்கள் பாய் விரித்துப் படுத்த ஏற்பாட்டை நான் என் திரையில் தீட்ட அத்தனை காலம் பிடித்திருக்கிறது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். இதை விளையாடும் பிள்ளைக்குக் கடைமேல் வீடு இயல்பான ஒன்றாகத் தோன்றும். எனக்கு அந்த வயதில் அப்படித் தோன்றவில்லை.

இனி தாமான். இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இது என் கைவேலை.

நாங்கள் குடிவந்த தாமான் நல்ல தாமான்தான். சொந்த வீடு, சொந்தக் குழாய், சொந்தக் கக்கூஸ். லயத்தில் பொதுக் குழாயில் வரிசை நின்ற பெண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை, நான் அதை ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கடைகள் தாமானின் வாயிலில், பெரிய சாலையோரம் இருந்தன. எங்கள் வீடு கடைசி வரிசையில். இடையில் இருபது இருபது வீடாக முறியாத வரிசைகள். நேர்கோட்டில் பார்த்தால் கடை பக்கம்தான். நடந்தால் ஒவ்வொரு வரிசையையும் முழுதாகச் சுற்றிக்கொண்டு, நிழலே இல்லாத தாரில் போக வேண்டும். 1961-இல் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க அம்மையார் நகரங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில், தெருக்கள் குட்டையாக, அடிக்கடி திரும்ப வழியுள்ளவையாக இருக்க வேண்டும் என்று ஒரு முழு அத்தியாயமே வாதாடினார். அம்மா அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. அவருடைய முழங்கால் அதே வாதத்தைச் செய்தது.

பிறகு அம்மா ஒரு காரியம் செய்தார். போர்ட்டிகோவில் ஒரு மேசை போட்டு உப்பு, புளி, முட்டை, தீப்பெட்டி, மாலையில் முறுக்கு என்று விற்கத் தொடங்கினார். ஆறே மாதத்தில் கடைசி மூன்று வரிசைப் பெண்களும் அங்கே வந்து நிற்க ஆரம்பித்தார்கள். லயத்தில் குழாயடியில் பேசியதெல்லாம் இங்கே பேசப்பட்டது. யார் வீட்டில் காய்ச்சல், யார் பையனுக்கு வேலை கிடைத்தது என்று அந்த மேசைக்குத் தெரியும். பிறகு ஒரு நாள் கடிதம் வந்தது. குடியிருப்பு நிலத்தில் வியாபாரம் கூடாது. எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. சட்டப்படி கடிதம் சரி. அம்மா மேசையை உள்ளே எடுத்துப் போட்டார், பிறகு அதில் என் கணினியை வைத்தார். அந்த மேசையில் உட்கார்ந்துதான் நான் பச்சை நிறத்தைத் தீட்டிக்கொண்டிருந்தேன், ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம் என்று.

விளையாட்டில் மேயர் வரைவதை ஒருவராலும் தடுக்க முடியாது. அந்தக் குணம் வரைகிற எங்கள் கைக்கும் வந்துவிடுகிறது. ஆனால் நிஜத்தில் நமக்கு ஒரு கதவு இருக்கிறது. 1976-இன் நகர, கிராமத் திட்டச் சட்டப்படி, ஒரு மாவட்டத்தின் நிலம் எதற்கெதற்கு என்று சொல்லும் வட்டாரத் திட்டத்தின் வரைவை, ரன்சாங்கான் தெம்பாத்தான் என்பார்களே அதை, முடிவாவதற்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். எவரும் போய்ப் பார்க்கலாம், ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். அப்படி வைக்கும்போது போய்ப் பாருங்கள். நம்மவர்கள் கோயில் நிலம் என்றால் திரண்டு போகிறோம், போகவும் வேண்டும். கடைசி வரிசைக்கு ஒரு கடை வேண்டும், வரிசைக்கு நடுவில் நடக்க ஒரு சந்து வேண்டும் என்று கேட்கவும் போக வேண்டும். வரைபடத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்பீர்கள். உங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். அவர்களுக்குச் சுற்றாது. இரவு பகலாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற மாதம் நம் பிள்ளைகள் சிலரிடம் ஒரு சாதாரணத் தாமானின் பிளானை, பெயரை எடுத்துவிட்டு, பெரிய தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். கார் ஓட்டத் தெரியாத ஒரு பாட்டி கடைசி வரிசையில் இருக்கிறார், அவருக்கு உப்பு வேண்டும், மாற்றி வரையுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஒரு பையன் கோடி வீட்டைக் கடையாக்கினான். ஒரு தங்கை பின்சந்துச் சாக்கடையின்மேல் பலகைப் பாலம் போட்டாள். இன்னொருத்தி ஒவ்வொரு வரிசையையும் நடுவில் வெட்டி ஆள் நடக்க வழி விட்டாள். எவ்வளவு அகலம் என்று கேட்டேன். தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, ரெண்டு பேர் ஒதுங்கிப் போகிற அளவு என்றாள். அளந்து பார்த்தேன். அஞ்சு அடி இருந்தது.

அந்த அஞ்சு அடியை எந்த இரண்டு வீட்டிலிருந்து எடுப்பது என்று அவர்களுக்குள் அன்று பெரிய வாக்குவாதம் நடந்தது. அது இன்னும் முடியவில்லை. அந்தத் தாள் பின்னால் மேசையில் விரித்திருக்கிறது, பக்கத்தில் பென்சிலும் இருக்கிறது. தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.